அரிசோனாவின் கார்ட்ச்னர் குகையில் யாராவது கல்லைத் தொட்டிருக்கிறீர்களா?

சாண்ட்லர்வாசி:
மார்ச்சில் போனோம், த்ரோன் ரூம் என்கிற கூடத்தைப் பார்க்கும் டூர். பென்சனுக்கு வழியெல்லாம் அரிசோனாக்காரர்களுக்குத் தெரியும், விடுங்கள். எதையும் தொடாதீர்கள் என்று கைடு உள்ளே போகுமுன்பே மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒரு திருப்பத்தில், தோள் உயரத்தில், ஈரமாகப் பளபளத்துக்கொண்டு ஒரு கல். என் கை தானாகப் போய்விட்டது. நெய் தடவியது போல வழவழப்பு. கடைசியில் வந்த இரண்டாவது கைடு, "யாராவது தொட்டீர்களா?" என்றார். அங்கே நின்றது நானும் என் எட்டு வயதுப் பையனும்தான். அவர் பார்வை நேரே அவன் மேல் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அவனே "சாரி" என்றான். அவர் திட்டவில்லை. அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, பிறகு வந்து கழுவிவிடுவோம் என்று சொல்லி நடந்தார். எட்டு மாதமாகிறது.

டூசான் அக்கா:
எங்களுக்கு நேர்மாறு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. குகை முத்தம், அதிர்ஷ்டம் என்று கைடு சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா அதைத் தலையில் தேய்த்துக்கொண்டு, வலது கையைக் குழித்து நீட்டியபடி அங்கேயே நின்றுவிட்டார், அடுத்த சொட்டுக்கு! பின்னால் பத்துப் பேர். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

குகைப்பித்தன்:
சாண்ட்லர்வாசி, "அடையாளம் வைத்தார், அவ்வளவுதானே" என்று நினைக்காதீர்கள். கைரேகையில் உள்ள எண்ணெய்ப் பசை படிந்தால் சுண்ணாம்பு நீர் அங்கே ஒட்டாது, கல் வளர்வது நின்றுபோகும். இது உயிருள்ள குகை, நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நம் துணிப் பஞ்சுகூட உள்ளே உதிரக் கூடாது என்றுதான் வாசலில் நம் மேல் பனிபோல நீர் தெளித்து அனுப்புகிறார்கள். காற்று வறண்டுவிடாமல் இருக்கத்தான் அடுத்தடுத்து அத்தனை கதவு.

இனி போகிறவர்களுக்கு: போன், கேமரா, கைப்பை எதுவும் உள்ளே கூடாது, லாக்கரில் வையுங்கள். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். இன்னொரு கூடமான பிக் ரூம் ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும், வௌவால்கள் குட்டி போடும் காலம். 7 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. உள்ளே சுமார் 72 டிகிரி ஃபாரன்ஹீட், ஆனால் ஈரப்பதம் 99 சதவீதம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனால் வேர்த்துக் கொட்டும். எனக்கு அதுதான் நடந்தது. நேரமிருந்தால் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைக்குப் போங்கள். அளவில் இது அதன் பக்கத்தில் நிற்காது.

மண்தடம்:
அளவு பார்க்கவா அங்கே போகிறோம்? 58 அடி குப்ளா கான் தூணையும், ஸ்ட்ரா மாதிரி 21 அடி தொங்கும் அந்த ஒற்றைக் குழலையும் பார்த்தபோது நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள் போல.

எனக்கு மறக்காதது சேற்றில் இருந்த காலடிகள். 1974இல் இந்தக் குகையைக் கண்டுபிடித்த டஃப்ட்ஸும் டெனெனும் ஒரு பிளவிலிருந்து வந்த ஈரக் காற்றைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்து நடந்த தடம், அப்படியே இருக்கிறது. நிலத்துச் சொந்தக்காரர்களுக்கே நான்கு வருடம் கழித்துத்தான் சொன்னார்கள். 1988இல் மாநில அரசு வாங்கும்வரை ஊருக்குத் தெரியாது. திறந்தது 1999இல். பதினான்கு வருட ரகசியம்! நான் கார் வாங்கப்போவதை வீட்டில் ஒரு வாரம் மறைக்க முடியவில்லை.

டூசான் அக்கா:
சண்டை இருக்கட்டும். சாண்ட்லர்வாசி, பையனிடம் பேசினீர்களா?

சாண்ட்லர்வாசி:
இல்லை அக்கா. எண்ணெய்ப் பசை விஷயம் எனக்குத் தெரியும், கைடே சொன்னார். நான் கேட்டது அதைப் பற்றி இல்லை. அடுத்த மாதம் பிக் ரூமுக்கு மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன், அங்கே வைத்துச் சொல்லலாம் என்று. அவன் வரமாட்டேன் என்கிறான்.