பழைய கார் கூட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வர என்ன செய்யலாம்?

ஹெரால்டுக்காரன், தேவகோட்டை:

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எல்லாம் சேர்த்துப் பழைய கார் வைத்திருப்பவர்கள் பதினோரு பேர் இருக்கிறோம். சங்கம் என்று பதிவெல்லாம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடி, கானாடுகாத்தான் வரை ஒரு ஓட்டம். அப்புறம் யாராவது ஒருவர் வீட்டு முகப்பில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். இந்தக் கூட்டத்தில் கடைக்குட்டி நான்தான். எனக்கு வயது 57.

என் வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது. மெட்ராஸில் செய்த கார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. 948 சிசிதான். ஆனால் அதன் பானெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகக் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் வேலை பார்க்கலாம். எட்டு வயதில் அந்த டயரில் உட்கார்ந்து அப்பச்சிக்கு டார்ச் பிடித்தவன் நான். 1-3-4-2 என்று பிளக்குகள் பொறி விடும் வரிசை எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே மனப்பாடம்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் ஐந்து கார்களை நிறுத்தினோம். சுற்றிக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று போர்டு வைத்து, பக்காவான ஏற்பாடு. பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. என் மகனே பெங்களூரில் இருந்து பொங்கலுக்கு வந்தால் ஹெரால்டு பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தத் தலைமுறைக்கு நாட்டம் இல்லையா, அல்லது நாங்கள் கூப்பிடுகிற விதம் சரியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ் பொடியன்:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கயிற்றை வாசித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. வேறு ஊரில் இதே மாதிரி ஒரு கயிற்றுக்கு வெளியே நானும் நின்றிருக்கிறேன். ஒரு அம்பாசடர் கதவை மூடினால் என்ன சத்தம் வரும் என்று கேட்க ஆசைப்பட்டுக் கைப்பிடியைத் தொட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்று, ஞாயிறு காலை ஏழு மணி. சென்னையில் வேலை பார்க்கிறவன் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஊர் வந்து இறங்கிப் படுக்கிற நேரம் அது. நாங்கள் ஊரில் இருப்பது பொங்கல், தீபாவளி, அப்புறம் யாராவது சொந்தக்காரர் கல்யாணம். அப்போது வையுங்கள்.

கார் வாங்க எங்களிடம் காசு இல்லை, அது வேறு கதை. ஆனால் மாமாவின் 1994 ஆர்எக்ஸ் 100 பைக் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? ஃபிவா என்கிற, பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 30 வருஷம் ஆனாலே பாரம்பரிய வண்டி என்கிறது. உங்கள் கூட்டம் மட்டும் ஏன் நாலு சக்கரத்தோடு நிற்க வேண்டும்? கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார்களை வாடகைக்கு விட்டால் பெட்ரோல் காசும் வரும், பையன்கள் கண்ணிலும் படும்.

பட்டறைக்காரர், புதுக்கோட்டை:

தம்பி சொல்வது சரி. என் பட்டறைக்கு வருகிற பையன்கள் எல்லாம் ஸ்கேனர் மாட்டத் தெரிந்தவர்கள். ஒருநாள் ஒரு பழைய காரில், பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டு, பாயிண்ட் என்கிற குட்டி ஸ்விட்ச் திறந்து மூடும்போது தீப்பொறி தெறிப்பதைக் காட்டினேன். "அண்ணே, அவ்வளவுதானா கரண்ட்டு வேலை?" என்றான் ஒருவன். அன்று முழுக்க அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற எஞ்சின் அது, அதுதான் உங்கள் கையில் இருக்கிற சரக்கு. பணியாரம் அப்புறம்தான்.

ஆனால் செட்டிநாட்டில் வேறொரு சிக்கல் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய வீட்டு ஷெட்டில் மோரிஸ் மைனர் ஒன்று செங்கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. பார்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். வீட்டைப் போலவே காருக்கும் பங்காளிகள் ஏழு பேர். ஆர்சி புத்தகம் காலமான ஐயா பேரில். ஏழு பேரும் ஒரு கையெழுத்துக்கு ஒன்றுசேர வேண்டும், ஒருத்தர் மலேசியாவில். நான் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். பேர் மாற்றப் படிவம் 31 இருக்கிறது, பங்காளிகளைச் சமாதானப்படுத்தத்தான் படிவம் இல்லை.

முத்துப்பட்டணத்துப் பெண்:

வாடகை யோசனைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய, உருமாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான். பதிவு செய்வதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் வேதியியல் படிக்கிறேன், கார் ஓட்டத் தெரியாது. ஐயா, ஹெரால்டு பக்கத்தில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும், காரின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கிற டயாபிரம் என்கிற சவ்வும் அதில் ஊறி விரிசல் விட்டுவிடும். எத்தனால் தாங்குகிற விட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். உங்கள் பதினோரு பேரில் எத்தனை பேர் இதைப் பார்த்தீர்கள்? இந்த வேலைக்குக் கூப்பிட்டால் நானே வருவேன்.

ஹெரால்டுக்காரன், தேவகோட்டை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெட்ரோல் வாடை அடித்தது உண்மைதான். பழைய காரின் மணம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவர்களோடு பெரிய வாக்குவாதம். "ஆர்எக்ஸ் 100-ஐக் கூட்டி வந்தால் நாளைக்கு ஆட்டோவும் வரும்" என்றார் ஒருவர். வந்தால் வரட்டும் என்றேன். நேரத்தை மாலை நாலு மணிக்கு மாற்றினோம். முத்துப்பட்டணத்துப் பெண்ணும் அவள் தம்பியும் அவன் சிநேகிதன் ஒருவனும் வந்தார்கள். ஹெரால்டு பானெட்டைக் கவிழ்த்து, சிநேகிதனை டயரில் உட்கார வைத்து, பாயிண்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். மெல்லிசாக உப்புத்தாளில் தேய்த்து, பதினைந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்) இடைவெளி வைத்து, அவனே பூட்டினான். எஞ்சின் ஒரு தடவை விட்டு இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. எண்ணெய்க் கையோடு அவன் குதித்ததில் என் வேட்டி போயிற்று.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்கு ஆறு வயசுல அந்த பானெட்டைத் தொட்டதுக்கு என்ன பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா அப்பச்சி?" என்றான். இருந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் கூடுதலாக லீவு கேட்டிருக்கிறானாம்.

அடுத்த ஞாயிறு ஹோஸ் மாற்றுகிறோம். பட்டறைக்காரரே, நீங்களும் வாங்க, வரும்போது பாயிண்ட் இடைவெளி அளக்க ஒரு ஃபீலர் கேஜ் எடுத்து வாங்க. என்னுடையதை அந்தப் பையன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.