3:2 ஐ வாயால் எப்படிச் சொல்வது?

கிளிநொச்சியிலிருந்து, கணித ஆசிரியை:
தமிழ்மூலம், ஆங்கிலமூலம் இரண்டுக்கும் பொதுவாக விகிதம் பற்றி ஒரு பயிற்சித்தாள் அடிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் 3:2 ஐ ‘த்ரீ டு டூ’ என்று சொல்லிவிடலாம். தமிழில் ‘மூன்றுக்கு இரண்டு’ என்றால் வில்லங்கம். வகுப்பில் பெண்களும் ஆண்களும் 3:2 என்றால் ஆண்கள் ஐந்தில் இரண்டு. எனக்கு வரும் விடையோ மூன்றில் இரண்டு! பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது, ‘நூற்றுக்கு எண்பது எடுத்தேன்’ என்பதிலும் அதே ‘கு’ தானே. வேறு வழி உண்டா?

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, உருபின் மேல் பழி போடாதீர்கள். நான்காம் வேற்றுமை எப்பொருளையும் கொள்ளும் என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார். என் கவலை ‘விகிதம்’ என்ற வடசொல். ‘வீதம்’ அதன் தேய்வு, ஆகவே நூற்றுவீதமும் போக வேண்டியதுதான். நம்மிடம் ‘நேர்’ இருக்கிறது. ஒத்தல், எதிர்ப்படல் இரண்டும் அதற்குள் அடக்கம். யாப்பில் நேரசையும் உண்டு, அதைப் பிறகு எழுதுகிறேன். ‘மூன்று நேர் இரண்டு.’

வவுனியாவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பாடநூலில் ‘நேர் இரண்டு’ என்றால் +2. −2 போன்ற மறை எண்ணோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இன்னொரு நேரா?

மாங்குளத்திலிருந்து, கட்டட மேற்பார்வையாளர்:
எங்கள் மேசன்மார் 1:2:4 கொங்கிறீற்றை ‘ஒண்டுக்கு ரெண்டு நாலு’ என்பார்கள். சீமெந்து, மணல், சல்லி. ஒருவரும் குழம்பியதில்லை, முன்னால் வாளி இருக்கிறதே. தாளில் வாளி இல்லை. ‘ஒரு பங்கு, இரண்டு பங்கு, நான்கு பங்கு’ என்று போடுங்கள். மொத்தம் ஏழு என்பது தானாக வரும்.

ஆசிரியை:
பங்கு பிடித்திருக்கிறது அண்ணை. ஆனால் 1:50,000 வரைபடக் கணக்கும் இருக்கிறதே. ஐம்பதாயிரம் பங்கை எதனோடு கூட்டுவது?

மொழிபெயர்ப்பாளர்:
அங்கே ‘ஒன்றுக்கு ஐம்பதாயிரம்’ என்றே விடலாம். 3:2::6:4 வந்தால்? அந்த நான்கு புள்ளியை 1631இல் ஆங்கிலக் கணிதர் ஓட்ரெட் அச்சில் போட்டார், ஆங்கிலேயர் ‘அஸ்’ என்று வாசிக்கிறார்கள். நமக்கு ‘போல’ போதும்: மூன்றுக்கு இரண்டு போல ஆறுக்கு நான்கு.

ஆசிரியை:
சரி. கூட்டிப் பிரிக்கும் கணக்குக்குப் ‘பங்கு’, மற்றதுக்கெல்லாம் ‘கு’. இன்றிரவு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள், பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. நான் உடன்படவில்லை என்பதை மட்டும் குறித்து வையுங்கள். +2 க்கு ‘நேர்’ என்று பெயர் வைத்தது எந்தக் குழு?