சிவப்பணு கோஸ்ட் வெளுக்கவே இல்லை, ஜெல்லும் சரியாக வரவில்லை: எங்கே பிசகுகிறது?

படலம்_முதுநிலை (கேள்வி)

வணக்கம். மனித ரத்தத்திலிருந்து சிவப்பணு மெம்பிரேனை (கோஸ்ட், அதாவது ஹீமோகுளோபின் நீக்கிய வெற்றுச் சவ்வு) பிரித்து, எந்தப் புரதம் மேலாக ஒட்டியிருக்கிறது, எது கொழுப்பு இரட்டையடுக்கை ஊடுருவி நிற்கிறது என்று ஜெல்லில் காட்ட வேண்டும்.

செய்முறை: இடிடிஏ (உறைதடுப்பி) போட்ட ரத்தம், பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவல். 1 மி.லி. செல் படிவுக்கு 10 மி.லி. பாஸ்பேட் பஃபர் (5 மில்லிமோலார், பிஹெச் 7.4), ஐஸில் 10 நிமிடம், பிறகு 12,000 ஜி-யில் (புவியீர்ப்பின் அத்தனை மடங்கு விசையில்) 10 நிமிடம் சுழற்சி. நான்கு முறை கழுவியும் படிவு ரோஸ் நிறத்திலேயே இருக்கிறது.

எஸ்டிஎஸ் ஜெல் 10%. சாம்பிளை 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி ஏற்றினேன், கூமாஸி சாயம். ஸ்பெக்ட்ரின் (சவ்வின் உட்புற வலைப் புரதம்) இரட்டைக் கோடாக வராமல் ஒரே தடித்த கோடாக உச்சியில் நிற்கிறது. பேண்ட் 3 (சவ்வை ஊடுருவும் புரதம்) பூசினாற்போல இருக்கிறது. கிணற்று வாயில் நீலம் தேங்கியிருக்கிறது. கிளைக்கோஃபோரின் (சர்க்கரை நிறைந்த இன்னொரு ஊடுருவும் புரதம்) கண்ணிலேயே படவில்லை. எதை மாற்றுவது?

பஃபர்மணி

நிறத்தை மட்டும் நான் சொல்கிறேன். முதல் குற்றவாளி பிஹெச். பேண்ட் 3-இன் அமினோ முனை சைட்டோபிளாசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அமில அமினோ அமிலங்கள் நிறைந்த பகுதி அது. ஹீமோகுளோபின் அங்கேதான் போய் ஒட்டும். பிஹெச் 8.0-இல் ஹீமோகுளோபினின் எதிர்மின்சுமை கூடுவதால் பிடி தளர்ந்துவிடும். 7.4-இல் எத்தனை தடவை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டாக்கிலிருந்து நீர்த்தால் பாஸ்பேட்டின் பிஹெச் நகரும், எனவே 5 மில்லிமோலாருக்குக் கொண்டுவந்த பிறகு, குளிர்ந்த நிலையில் மீட்டரில் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, அளவு. 1 மி.லி. செல் படிவில் ஏறக்குறைய 330 மி.கி. ஹீமோகுளோபின் இருக்கிறது. பத்து மடங்கு பஃபரில் அது மி.லி.க்கு 30 மி.கி. என்ற கெட்டியான குழம்பு. 40 மடங்கு எடுங்கள், 8 மி.கி.க்கு இறங்கும். படிவில் பிபிஎஸ் மிச்சம் இருந்தாலும் உடைப்பு அரைகுறையாகி, மூடிக்கொண்ட கோஸ்ட்டுக்குள் ஹீமோகுளோபின் சிக்கிவிடும். கடைசிக் கழுவலில் மேல்திரவத்தைச் சொட்டு விடாமல் உறிஞ்சி எடுங்கள்.

சுழற்சி 20,000 ஜி, 4 டிகிரி, 20 நிமிடம். கோஸ்ட் படிவு தளதளவென்று இருக்கும், ஆகவே மேல்திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டாமல் உறிஞ்சுங்கள். குழாயைச் சாய்த்துச் சுழற்றினால், தளர்ந்த படிவுக்கு அடியில் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஒரு துண்டு தெரியும். அதில்தான் வெள்ளையணுக்களின் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) உட்கார்ந்திருக்கின்றன. கோஸ்ட்டை மேலே நகர்த்திவிட்டு அந்தப் பொத்தானை உறிஞ்சி எறிந்துவிடுங்கள். பலரும் தவறவிடுகிற படி இது. அது கிடந்தால் ஜெல்லில் அங்கங்கே இனம் தெரியாத கோடுகள் முளைக்கும். பஃபி கோட்டையும் (செல் படிவின் மேல் படியும் வெள்ளையணு அடுக்கு) ஒவ்வொரு பிபிஎஸ் கழுவலிலும் எடுக்க வேண்டும்.

பிஎம்எஸ்எஃப் (புரோட்டியேஸ் தடுப்பான்) சேர்ப்பதானால் ஒவ்வொரு கழுவலுக்கும் புதிதாக. பிஹெச் 8-இல், அறை வெப்பத்தில், சுமார் அரை மணி நேரத்தில் பாதி செயலிழந்துவிடும்.

ஜெல்_பார்ப்பவர்

ஸ்பெக்ட்ரின் ஆல்ஃபா சுமார் 280 கிலோடால்டன், பீட்டா சுமார் 246. 10% ஜெல்லில் இரண்டும் உச்சியிலேயே மோதி நின்றுவிடும். 6% அல்லது 4-15% கிரேடியன்ட் (செறிவு படிப்படியாகக் கூடும் ஜெல்) போடுங்கள்.

கிணற்று வாயில் தேங்குவது 95 டிகிரி செய்த வேலை. பேண்ட் 3 சவ்வைப் 14 தடவை குறுக்கே கடக்கும் புரதம். கொதிக்கவைத்தால் எஸ்டிஎஸ் (புரதத்தைப் பிரித்து மூடும் டிடர்ஜென்ட்) முழுவதும் மூடுவதற்கு முன்பே நீர்வெறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், ஜெல்லுக்குள் நுழையாது. 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். புரோட்டியேஸைச் சரியாக நீக்கியிருந்தால் அதுவே போதும்.

கொதிக்காவிட்டாலும் பேண்ட் 3 கொஞ்சம் அகலமாகத்தான் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். 642-ஆம் இடத்து அஸ்பராஜினில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி ஒவ்வொரு மூலக்கூறிலும் வெவ்வேறு நீளம். பிஎன்ஜிஏஸ் எஃப் (சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் நொதி) கொடுத்தால் கோடு கூர்மையாகும்.

கிளைக்கோஃபோரின் ஏ-யின் எடையில் சுமார் 60% சர்க்கரை. கூமாஸிக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. சர்க்கரையைப் பிடிக்கும் பெரியோடிக் அமிலம்-ஷிஃப் சாயம் போடுங்கள். அப்போதும் ஒரு சிக்கல்: அதன் இரட்டை வடிவம் எஸ்டிஎஸ்ஸிலும் பிரியாது, பேண்ட் 3-க்கு அருகிலேயே ஓடும். சவ்வுக்குள் இருக்கும் ஹெலிக்ஸில் இடையில் மூன்று அமினோ அமிலங்கள் விட்டு வரும் இரு கிளைசின்கள் எதிர் ஹெலிக்ஸோடு நெருக்கமாகப் பொருந்துவதால் வரும் பிடி அது. சாம்பிளை நீர்த்துச் சூடாக்கினால் ஒற்றை வடிவத்தின் கோடு கீழே கூடும். ஆகவே இதற்குத் தனிச் சாம்பிள், தனி ஜெல் வைப்பதுதான் நல்லது.

சாயம் ஏறாததால் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நீர் செல்லும் வழியான அக்வாபோரின்-1 இதே சவ்வில், ஒரு செல்லுக்கு லட்சக்கணக்கில் இருக்கிறது. கூமாஸியில் சரியாகத் தெரியாததால் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. பீட்டர் ஆக்ரே குழு ஆர்ஹெச் ரத்த வகைப் புரதத்தைத் தேடியபோது 28 கிலோடால்டனில் தற்செயலாகச் சிக்கியது. அவருக்கு 2003-இல் வேதியியல் நோபல்.

உப்புக்காரம்

பிரிப்பதற்கு ஒரே கோஸ்ட் சாம்பிளை நான்காகப் பங்கிடுங்கள். படிவு, மேல்திரவம் இரண்டையும் ஓட்டுங்கள்.

முதல் பங்கு 0.1 மில்லிமோலார் இடிடிஏ, பிஹெச் 8, 37 டிகிரி, 30 நிமிடம்: ஸ்பெக்ட்ரினும் ஆக்டினும் வெளிவரும். பழைய பஃபரின் உப்பு மிச்சமிருந்தால் ஸ்பெக்ட்ரின் அசையாது, அதனால் முதலில் இதே கரைசலில் ஒரு குளிர் கழுவல். ஸ்பெக்ட்ரின் கூடு கழன்றதும் கோஸ்ட் சிறு வெசிக்கிள்களாக (குமிழ்ப்பைகள்) நொறுங்கும், 20,000 ஜி-யில் இறங்காது. அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் 100,000 ஜி. கிடைக்கும் வெசிக்கிளை 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வைத்தால் அன்கிரினும் பேண்ட் 4.1-உம் (வலையைச் சவ்வோடு கட்டும் புரதங்கள்) வரும்.

இரண்டாவது 150 மில்லிமோலார் உப்பு, ஐஸில்: பேண்ட் 6, அதாவது கிளைக்காலிசிஸ் நொதியான ஜிஏபிடிஹெச், சுலபமாகக் கழன்றுவிடும். மூன்றாவது 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, ஐஸில்: புறப்புரதங்கள் (மேலாக ஒட்டியிருப்பவை) கிட்டத்தட்ட மொத்தமும் போய், படிவில் பேண்ட் 3, கிளைக்கோஃபோரின் வகை மட்டும் மிஞ்சும். நான்காவது 1% ட்ரைட்டான் எக்ஸ்-100 (டிடர்ஜென்ட்), ஐஸில்: இது தலைகீழ். கொழுப்போடு ஊடுருவும் புரதங்கள் கரைந்து, ஸ்பெக்ட்ரின்-ஆக்டின் வலை படிவாக நிற்கும். புரதம் மி.லி.க்கு 1-2 மி.கி.க்கு மேல் போனால் டிடர்ஜென்ட் போதாது.

படலம்_முதுநிலை

நன்றி. ஒரு சந்தேகம்: பேண்ட் 4.2 என்ற புரதம் உப்பில் வராது என்கிறார்கள். அப்படியானால் அது ஊடுருவும் புரதம் என்று எழுதலாமா?

உப்புக்காரம்

கூடாது. உப்பு மின்சுமைப் பிணைப்பைத்தான் அறுக்கும். 4.2 பேண்ட் 3-ஐ இறுகப் பற்றியிருக்கிறது, அதன் முனையில் மிரிஸ்டிக் அமிலமும் (ஒரு கொழுப்பு அமிலம்) உண்டு. காரத்தில் கழன்று வந்துவிடும், ஆகவே புறப்புரதம்தான். அதேபோல் ட்ரைட்டானில் கரையாமல் படிவில் கொஞ்சம் பேண்ட் 3 தங்கும். அன்கிரின் அதை வலையோடு கட்டி வைத்திருப்பதால் வருவது அது. அந்தக் கோட்டைப் பார்த்து அதைப் புறப்புரதப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். காரத் தடத்தையும் ட்ரைட்டான் தடத்தையும் ஒரே ஜெல்லில் அருகருகே ஏற்றுங்கள். காரச் சாம்பிளை ஏற்றும் முன் நடுநிலையாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெல்லில் ஓட்டம் கோணலாகும்.