அம்மாவின் பல் செட்: முகத்தை அளந்து முன்பல் அளவு சொல்வது சரிதானா?

கேள்வி: கும்பகோணத்து மகள்

அம்மாவுக்கு 67 வயது. பல் எல்லாம் எடுத்து நாலு மாதம் ஆகிறது. முழு பல் செட்டுக்காக டாக்டர் இந்தக் கன்ன எலும்பிலிருந்து அந்தக் கன்ன எலும்பு வரை அளந்தார். 136 மி.மீ. அதைப் 16-ஆல் வகுத்து, நடு முன்பல் அகலம் எட்டரை மி.மீ. என்று எழுதிக்கொண்டார். நேற்று மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துக் காட்டினார்கள். அம்மா கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டார். "இது என் வாயே இல்லடி" என்கிறார். அவர் பல் சின்னதாக, நடுவில் நூலிழை இடைவெளியோடு இருக்கும். மாற்றச் சொல்லலாமா? டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: பல் லேப் வேலை, 22 வருடம்

தாராளமாகச் சொல்லுங்கள் சகோதரி. மெழுகில் வைத்துப் பார்ப்பதே அதற்காகத்தான். அக்ரிலிக் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த பிறகுதான் மாற்றுவது கஷ்டம்.

பதினாறில் ஒரு பங்கு கணக்கு நெடுநாளாக இருப்பது. உங்கள் டாக்டர் செய்தது தவறில்லை. ஆனால் அது தொடங்குவதற்கு ஒரு எண், அவ்வளவுதான். மூக்கின் இரு ஓரத்திலிருந்து நேராகக் கோடு இறக்கினால் கோரைப்பல் நுனி வரும் என்பதும் அப்படித்தான். மூக்கு அகலமானவர்களுக்கு அது பெரிய பல்லைத் தந்துவிடும். முகம் சதுரமானால் பல்லும் சதுரம் என்று 1914-இல் லியோன் வில்லியம்ஸ் என்ற பல் மருத்துவர் சொன்னதை இன்றும் பாடத்தில் படிக்கிறார்கள். இயற்கைப் பற்களை அளந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி பழைய போட்டோதான். அம்மா பல் தெரியச் சிரிக்கிற, நேர்முகமான படம் வேண்டும். கல்யாண ஆல்பத்தில் தேடாதீர்கள், அந்தக் காலத்தில் மணமேடையில் யாரும் வாய் திறந்து சிரித்ததில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இரு கண்மணிக்கும் இடைத்தூரத்தைப் படத்திலும் நேரிலும் அளந்து பாருங்கள். படத்தில் 30 மி.மீ., நேரில் 60 என்றால் படத்தில் உள்ள பல் அகலத்தை இரண்டால் பெருக்குங்கள். ஒரு பல்லில் அரை மில்லிமீட்டர் கூடினாலே ஆறு பல்லில் மூன்று மி.மீ. ஏறிவிடும். வாய் நிறையப் பல்லாகத் தெரிவது அதனால்தான்.

பதில்: பல் மருத்துவர், மதுரை

லேப் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பல் பெரிதாக இல்லாமல், முன்னால் தள்ளி வைத்திருந்தாலும் பெரிதாகத் தெரியும். அண்ணத்தின் முன்பக்கம், நடுவில் ஒரு சிறு சதை மேடு இருக்கும். நடுப்பல்லின் வெளிப்பக்கம் அதிலிருந்து சுமார் 8 முதல் 10 மி.மீ. முன்னால் வர வேண்டும். அம்மாவை "ஃபோன்", "வாழைப்பழம்" என்று சொல்லச் சொல்லுங்கள். மேல் பல் நுனி கீழுதட்டை லேசாகத் தொட்டால் சரி, குத்தினால் பல் நீளம் அல்லது முன்தள்ளல். அப்புறம், 67 வயதில் பல் நுனி தேய்ந்திருக்கும். கொஞ்சம் ராவிவிடச் சொன்னாலே முகம் மாறிவிடும்.

கும்பகோணத்து மகள்

படம் கிடைத்துவிட்டது! 1994-இல் தம்பிக்கு முதல் பிறந்தநாள், அம்மா கேக் ஊட்டும்போது சிரிக்கிறார். கண்மணி இடைவெளி படத்தில் 30, நேரில் 60. பல் 3.9, அப்படியென்றால் 7.8 மி.மீ. இடைவெளியும் தெளிவாகத் தெரிகிறது. திங்கட்கிழமை படத்தோடு போகிறோம். அந்த இடைவெளியையும் வைக்கச் சொல்லி அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டார்.