இன்ஜினைத் திரும்ப ஏற்றியவர்கள், ஆக்சில் பிரித்தவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

ஞாயிறு மெக்கானிக்

இன்ஜினை இறக்குவது எப்படி என்று எங்கே தேடினாலும் கிடைக்கிறது. திரும்ப ஏற்றுவதற்கு மட்டும் மேனுவலில் ஒரே வரி: "கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யவும்." அந்த ஒரு வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். நீங்களும் உங்கள் கதையைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி, மேனுவல் கியர். கியர்பாக்ஸை அடியில் ஜாக் முட்டுக் கொடுத்து வண்டியிலேயே நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் ஹாய்ஸ்டில் தூக்கி ரிங், பேரிங் வேலை முடித்தேன். ஏசி கம்ப்ரசரைக் குழாயைப் பிரிக்காமல் அப்படியே ஓரமாகக் கட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. கேஸ் நிரப்பும் வேலை மிச்சம்.

ஏற்றும்போது உயிரை எடுப்பது கியர்பாக்ஸோடு சேர்க்கும் இடம்தான். கிளட்ச் பிளேட்டை அதற்கான சென்டரிங் டூல் போட்டு நடுவில் நிறுத்திய பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும், குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. பிளேட் ஓரம் தள்ளி இறுகிவிட்டால் அப்புறம் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகாது. இதைச் சரியாகச் செய்திருந்தும் கடைசியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி நின்றுவிட்டது. கூட இருந்த நண்பன், "நீள போல்ட்டா ரெண்டு போட்டு இழுத்துடலாம் மச்சான்" என்றான். இந்த ஆசை எல்லோருக்கும் வரும். கூடவே கூடாது. பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கியர்பாக்ஸ் வாய்) அலுமினியம், போல்ட் காது பிளந்துவிடும். இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். எங்கே மேலே அகலமாக இருக்கிறது, எங்கே கீழே ஒட்டுகிறது என்று டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தோம். கீழ்ப்பக்கம் ஒட்டி மேலே வாய் திறந்திருந்தது. கியர்பாக்ஸ் ஜாக்கைத் துளி இறக்கினோம். அவன் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி மெல்லத் திருப்ப, நான் இன்ஜினை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் நீளவாட்டுப் பற்கள்) பல்லுக்குப் பல் சேர்ந்ததும் அத்தனை எடையும் வழுக்கிக்கொண்டு போய் டோவலில் (இடம் காட்டும் பின்னில்) உட்கார்ந்தது. கையால் தள்ளியதோடு சரி. போல்ட்டின் வேலை பிடித்து நிறுத்துவது, இழுப்பது இல்லை.

மவுண்ட் போல்ட்டுகளை முதலில் எல்லாம் விரலால் மட்டும் பிடிக்க விடுங்கள். இன்ஜினின் முழு எடையும் இறங்கி, ஒரு ஆட்டு ஆட்டி, அது தானாக நிலைகொண்ட பிறகு இறுக்கினால் ரப்பரில் முறுக்கு இருக்காது. ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் ஐடிலில் ஸ்டீயரிங் நடுங்கும். அப்புறம் எல்லோரும் இன்ஜெக்டரைச் சந்தேகப்படுவார்கள்.

இனி ஆக்சில், அதாவது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். இடது பக்கம் முழுக்க ஒடித்துத் திருப்பினால் டக்டக் சத்தம் முன்பே லேசாக இருந்தது. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் சிதறல். ஷாஃப்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது, வெளிப்பக்க சிவி ஜாயின்ட்டை (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட்டைச் சுழல விடும் மூட்டு) மூடும் ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்திருந்தது. பூட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஷாஃப்ட்டை வைஸில் பிடித்து, ஜாயின்ட்டின் உள் வளையத்தில் பித்தளைக் கம்பி வைத்து ஓங்கி ஒரு அடி. சர்க்ளிப் (பள்ளத்தில் உட்காரும் பூட்டு வளையம்) விட்டுக் கழன்று வந்தது. டீசலில் அலசி ஒவ்வொரு குண்டாகச் சாய்த்து வெளியே எடுத்தேன். ஆறு குண்டு, ஒரு கூண்டு, ஆறு தடம். ஃபோர்டு இன்ஜினியர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா 1920களில் வடிவமைத்தது. அடிப்படை இன்றும் பெரிதாக மாறவில்லை. தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பளபளப்பாக மட்டும் இருந்தால் புது கிரீஸும் பூட்டும் போதும். நகம் தட்டினால், சின்னக் குழி தெரிந்தால், பூட் மாற்றுவது வீண் வேலை, ஜாயின்ட்டையே மாற்றுங்கள். எனக்கு ஒரு தடத்தில் நகம் நன்றாகவே தட்டியது, புது ஜாயின்ட் வாங்கிவிட்டேன்.

கிரீஸ் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். சிவி ஜாயின்ட்டுக்கென்று வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ், பாக்கெட்டில் உள்ளது முழுவதும். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டாம். சின்னப் பக்கக் கிளாம்பை இறுக்குவதற்கு முன் பூட்டின் உதட்டை மெல்லத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை விடவேண்டும்.

கியர்பாக்ஸுக்குள் ஏற்றும்போது சீல் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்ட்டின் எடை சீல்மேல் விழாமல் தாங்கிப் பிடித்துத் தள்ளினால் 'டிக்' என்று சர்க்ளிப் பிடிக்கும். பிடித்ததா என்று பார்க்க உள்பக்க ஜாயின்ட்டின் உடம்பைப் பிடித்து இழுக்கவேண்டும். ஷாஃப்ட்டை இழுத்தால் அந்த ஜாயின்ட்டின் ரோலர்கள் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

ஹப் நட்டு (ஷாஃப்ட் முனையைச் சக்கர ஹப்பில் பிடிக்கும் நட்டு) புதிது போடுங்கள். அதன் இறுக்க அளவு பல கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல், சிலவற்றில் 300ஐயும் தாண்டும். குழாயை மாட்டி ஏறி நின்று "போதும்" என்று சொல்லும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. வீல் பேரிங்கின் ஆயுசு அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்க, டார்க் ரென்ச்சால் இறுக்கிவிட்டுத்தான் வண்டியைத் தரையில் இறக்கினேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃப்யூல் பம்ப் ரிலேவைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்தோம். ரிலேவை மாட்டியதும் பிடித்துக்கொண்டது.

பத்தாம் நம்பர் பானா

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குக் கிளட்ச் தொல்லை இல்லை, அதைவிடப் பெரிய தொல்லை இருக்கிறது: டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சுழற்சியைக் கடத்துவது). தள்ளிக்கொண்டே சுற்றினால் ஒவ்வொரு படியாக 'டொக்' என்று உள்ளே விழும். கடைசிப் படி விழாமலே "போய்விட்டது" என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுவோம். பெல் ஹவுசிங் விளிம்பில் ஸ்கேல் வைத்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று மேனுவல் அளவோடு பார்த்துவிடுவேன். இன்ஜின் சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுற்றவேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கு (கன்வர்ட்டர் போல்ட் ஆகும் இன்ஜின் பக்கத் தட்டு) முன்னால் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியவேண்டும். சுற்றவில்லை என்றால் நிறுத்துங்கள். இறுக்கினால் ஆயில் பம்ப் காலி.

கிரீஸ் கை

ஏற்றி முடித்த ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செல்ஃப் முனகியது, பேட்டரி புதிது. இரண்டாவது தடவை கியர் கேபிளிலிருந்து புகை. பார்த்தால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே வரும் எர்த் பட்டை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் கேட்கிற கரன்ட் வேறு வழி தேடிக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பேட்டரி டெர்மினலை மாட்டுவதற்கு முன் எர்த் பட்டையைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் சில கியர்பாக்ஸ்களில் டிஃபரன்ஷியல் சைடு கியர் (ஷாஃப்ட் முனை செருகும் பல்சக்கரம்) உள்ளே நகர்ந்துவிடும். ஒன்றைப் போட்டபிறகு அடுத்ததை எடுங்கள், அல்லது பழைய ஜாயின்ட் துண்டைச் செருகி வையுங்கள்.

புது உறுப்பினர்

அண்ணா, என் வண்டியில் இரண்டு ஷாஃப்ட்டும் வெளியே இருக்கிறது. துண்டு செருகியாயிற்று. ஷெட்டிலிருந்து வாசலுக்குத் தள்ளவேண்டும். சக்கரம் மாட்டித் தள்ளலாமா?

கிரீஸ் கை

அப்படியே தள்ளாதீர்கள் தம்பி. பல வண்டிகளில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதே ஷாஃப்ட் முனையும் அந்த நட்டும்தான். அது இல்லாமல் எடை விழுந்தால் பேரிங் பிரிந்துவிடும். பழைய வெளிப்பக்க ஜாயின்ட்டை மட்டும் தனியாகக் கழற்றி இரண்டு ஹப்பிலும் செருகி, நட்டை மேனுவல் அளவுக்கு இறுக்கிவிட்டுத் தள்ளுங்கள். பழைய நட்டே இதற்குப் போதும், புதியதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.