72 அடி எச்.டி.எம்.எல். லாஞ்ச்: இரட்டைக் குறுக்குப் பலகையில் கசிவு. கலப்பத்தா, பைபரா?

அணியம்43

ராயல் நேவிக்காக 1943இல் கட்டிய எச்.டி.எம்.எல்., அதாவது துறைமுகக் காவல் லாஞ்ச். 72 அடி நீளம், 16 அடிக்குச் சற்றே குறைந்த அகலம், இரண்டு கார்டனர் 8எல்3 டீசல். இப்போது இங்கிலாந்தின் தென்கரையில் தண்ணீரில் நிற்கிறது. உடல் மகாகனி, இரண்டு அடுக்குக் குறுக்குப் பலகை (எதிரெதிர்த் திசையில் சாய்வாகப் போட்ட பலகைகள்), நடுவில் எண்ணெயில் தோய்த்த காடாத்துணி. பதினைந்து வருடத்துக்கு முன் பெரிய சீரமைப்பு நடந்திருக்கிறது. பில்கள் இருக்கின்றன, வேலைப் படங்கள் இல்லை.

சிக்கல் இதுதான். என்ஜின் அறையில் பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) மணிக்கு மூன்று முறை ஓடுகிறது. வலப்புறம், அமரத்தை (படகின் பின்பகுதியை) ஒட்டிய தடுப்புச் சுவரருகே, நீர்மட்டத்துக்கு மேலேயே உட்பலகை ஈரமாக இருக்கிறது. மழை பெய்து இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஈரம் கூடுகிறது. ஈரமானி 26 முதல் 30 சதவீதம் காட்டுகிறது.

ஒரு யார்டில் கரையேற்றிக் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் பஞ்சு, அடித்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு யார்டில் உடல் முழுக்க எபாக்சியும் கண்ணாடி இழையும் போர்த்தச் சொல்கிறார்கள், இருபது வருடம் கவலை இல்லையாம். எதைக் கேட்பது?

கொட்டாப்புளி

இரண்டையும் கேட்காதீர்கள்.

முதலில் கலப்பத்து. ஒற்றைப் பலகை வள்ளத்தில் இரு பலகைக்கு நடுவே வாய் வைத்து இழைத்திருப்பார்கள். அந்த வாயில் பஞ்சை அடித்தால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். உங்கள் படகில் அந்த வாயே கிடையாது. பலகை விளிம்புகள் ஒட்டி நிற்கும், தண்ணீரைத் தடுப்பது நடுவில் உள்ள துணி. அங்கே இரும்பை வைத்துக் கொட்டாப்புளியால் போட்டால் வெளிப்பலகை உட்பலகையை விட்டு எழும்பும், செம்பு ஆணி இழுபடும், துணி கிழியும். இன்று ஒரு இடத்தில் வரும் கசிவு அடுத்த வருடம் ஐந்து இடத்தில் வரும். முன்பு யாராவது அப்படி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்: வெளிப்பலகை விளிம்பில் புட்டி கோடு கோடாகப் பிதுங்கி நின்றால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து பைபர். 26 சதவீத ஈரத்தில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. 15க்குக் கீழே வரவேண்டும், அதற்கு மாதக்கணக்கில் கூரைக்கு அடியில் கிடக்கவேண்டும். பிடித்தாலும் மழைநீர் மேலிருந்துதானே இறங்குகிறது? இப்போது கசிந்தாவது வெளியேறுகிற தண்ணீரை உள்ளேயே பூட்டி வைப்பீர்கள். மரத்தை உளுக்க வைப்பது கடல்நீர் அல்ல, நல்ல தண்ணீர். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே பலகை ஊறின ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும்.

முழு உடலையும் காயவைத்து, மெல்லிய மரத்தகடுகளை எபாக்சியில் மூன்றாவது அடுக்காக ஒட்டும் முறை ஒன்று உண்டு. அது நல்ல முறைதான். ஆனால் அது வேறு அளவிலான வேலை, உங்கள் கேள்விக்கு விடை அல்ல.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரியுங்கள். பில்ஜ் தண்ணீரையும், அந்த ஈரப் பலகையில் வழியும் சொட்டையும் தனித்தனியாகப் பிடித்து உப்பு அளக்கும் சின்ன மீட்டரில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது என்று நினைக்கிறேன். இன்னொன்று: உப்பு ஏறிய மரத்தில் ஊசி குத்தும் ஈரமானி கூடுதலாகத்தான் காட்டும். அந்த எண்ணை ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் ஒப்பிடப் பயன்படுத்துங்கள், அளவாக நம்பாதீர்கள்.

ஏராக்கட்டை

மழை பெய்து இரண்டு நாள் கழித்து என்பதுதான் முக்கியமான துப்பு. தளத்தில் நேரடி ஓட்டை என்றால் மழையோடேயே சொட்டும். தாமதமாகிறது என்றால் தண்ணீர் எங்கோ தேங்கி, இரு அடுக்குக்கும் நடுவே மெல்ல இறங்குகிறது. துணி மட்கிய இடத்தில் இரு பலகைக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருந்தாலே போதும், தண்ணீர் பலகையின் சாய்வைப் பிடித்து 45 பாகையில் நடந்துபோகும். உள்ளே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் வெளியே தேடினால் ஒன்றும் கிடைக்காது. மேலே, முன்னாலோ பின்னாலோ ஒன்றிரண்டு மீட்டர் தள்ளிப் பாருங்கள்.

இந்த வகை லாஞ்சில் உடலைச் சுற்றிக் கனமான மரப் பட்டி ஓடும். அமரப் பக்கம் அது இரட்டைப் பட்டியாக இருக்கும். பக்கவாட்டில் உருட்டித் தள்ளும் ஆழ்வெடி, உடலில் மோதி இரட்டை உந்திகளிடம் போய்விடாமல் விலகி விழுவதற்காகச் செய்த ஏற்பாடு. இப்போது ஆழ்வெடி இல்லை, ஆனால் அந்தப் பட்டியின் மேல் விளிம்பு மழைநீருக்கு நல்ல தொட்டி. நீங்கள் சொல்லும் இடத்துக்கு மேலேதான் அது இருக்கிறது.

சோதனை எளிது. மழை இல்லாத வாரத்தில், தோட்டக் குழாயை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாகப் போங்கள். முதலில் பட்டியின் கீழ் விளிம்பு, பிறகு மேல் விளிம்பு, பிறகு தள ஓரம், பிறகு தூண் அடிகள். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், நடுவில் ஒரு நாள் இடைவெளி. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து எது என்று தெரியாமல் போகும்.

தளத்தையும் விடாதீர்கள். அதுவும் இரட்டைக் குறுக்குப் பலகைதான், பெரும்பாலும் மென்மரம். துப்பாக்கி மேடைகளின் பழைய போல்ட் துளைகளைப் புட்டி வைத்து அடைத்திருந்தால் அங்கே ஒரு முள் குத்திப் பாருங்கள்.

டீசல்காது

கரையேற்றுவதற்கு முன் என்ஜின் பக்கத்துக்கு மூன்று விஷயம்.

ஒன்று, புகைக்குழாய் மேல் சுற்றியிருக்கும் வெள்ளை, சாம்பல் நிறப் பட்டை. 1940களின் கடற்படை லாஞ்ச் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் சீரமைத்தவர்கள் அதன் மேலேயே புதுத் துணி சுற்றிப் பெயின்ட் அடித்திருக்கலாம். கத்தி வைக்காதீர்கள். மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், எடுப்பதாக இருந்தால் உரிமம் உள்ளவர்களைக் கொண்டு எடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், ஆகவே உலர்ந்த நிலையில் சாண்டர் போடவேண்டாம்.

இரண்டு, கரையில் தாங்கும் விதம். ஏராவுக்கு (அடிமரத்துக்கு) அடியில் இரண்டு இரண்டரை மீட்டருக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு தடுப்புச் சுவருக்கும் நேர் கீழே ஒன்று கட்டாயம். ஏற்றுவதற்கு முன் தளத்தில் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) அமரம் வரை ஒரு கம்பி இழுத்து, நடுவில் எவ்வளவு இறக்கம் என்று எழுதி வையுங்கள். ஏற்றிய பிறகு அந்த அளவு மாறினால் கட்டைகளைச் சரிசெய்யுங்கள். உந்தித் தண்டை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கை அப்போதே கழற்றிவிடுங்கள். திரும்பத் தண்ணீரில் விட்டதும் அன்றே பூட்டவேண்டாம். மரம் ஊறி உடல் தன் வடிவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பிறகு கப்ளிங் முகத்தில் நான்கு திசையிலும் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் பிளேஞ்சுக்கு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. கரையில் சரிபார்த்த தண்டு நேர்கோட்டுக்கு மதிப்பே கிடையாது.

மூன்று, 8எல்3 தானே. 900 சுற்றில் 152 குதிரைத்திறன், எட்டு சிலிண்டரும் சேர்ந்து 24 லிட்டர். பாதி நாள் கட்டி வைத்து ஐடிலில் ஓட்டுவது அதற்கு ஆகாது. சிலிண்டர் சுவர் கண்ணாடி போலாகி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். நேரடியாகக் கடல்நீரில் குளிர்விக்கும் அமைப்பாக இருந்தால் வெப்பத்தை 55 டிகிரிக்குள் வையுங்கள். 60ஐத் தாண்டினால் ஜாக்கெட்டுக்குள் உப்பு படியும், அது வெளியே தெரியும்போது சிலிண்டர் தலை விரிசல் விட்டிருக்கும். எரிபொருள் வடிகட்டி மாற்றிய பிறகு ஒவ்வொரு பம்ப்பின் பிரைமிங் நெம்புகோலையும் கையால் அழுத்திப் பாருங்கள். இன்ஜெக்டர் ‘கிர்க்’ என்று கத்தவேண்டும். எது கத்தவில்லையோ அதில் காற்று இருக்கிறது, அல்லது நாசில் போய்விட்டது.

அணியம்43

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். பில்ஜ் தண்ணீர் கடல் உப்பு. பலகையில் வழிவது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். கொட்டாப்புளி அண்ணன் சொன்னபடி இரண்டு தனித்தனிக் கசிவுதான். குழாய்ச் சோதனையில் பட்டியின் மேல் விளிம்பு நனைந்த மறுநாள் உள்ளே ஈரம் கூடியது, ஈரம் தெரிந்த இடத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால்.

உப்புத் தண்ணீரைத் தேடிப் போனபோது இன்னொன்று கண்ணில் பட்டது. தண்டைத் தாங்கும் பிராக்கெட் போல்ட்களின் உள்பக்க நட்டைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது. மரத்தை நகத்தால் கீறினால் நார் நாராக வருகிறது. போல்ட் வெண்கலம், புத்தம் புதிதாக மின்னுகிறது. இது உளுப்பா?

செம்பாணி

உளுப்பு இல்லை, காரம். வெண்கலம் மின்னுகிறது என்பதே அதற்குச் சாட்சி.

யாரோ நல்லெண்ணத்தில் துத்தநாகக் கட்டிகளை அதிகமாகப் போட்டு, எல்லா உலோகத்தையும் பச்சைக் கம்பியால் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். துத்தநாகம் கரைந்து வெண்கலத்தைக் காக்கிறது. காக்கப்படும் வெண்கலத்தின் பக்கத்தில் கடல்நீரிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. அது மரத்தின் பசையான லிக்னினைக் கரைத்துவிடும், மிஞ்சுவது நார்தான். பைபர் படகுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மரப் படகில் உலோகம் பிழைக்கும், அதைப் பிடித்திருக்கும் மரம் போய்விடும். போல்ட் துளை அகன்று, அதன் வழியாகத்தான் உங்கள் உப்புத் தண்ணீர் வருகிறது.

அந்த வெள்ளைப் பூவில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை வையுங்கள். நீலமானால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு ஒரு மல்ட்டிமீட்டரும் வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பு மின்வாயும் எடுங்கள். மின்வாயைப் படகு ஓரமாகத் தண்ணீரில் தொங்கவிட்டு, மீட்டரின் மறு முனையைப் பிராக்கெட் போல்ட்டில் வையுங்கள். கரை மின்சாரக் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு முறை, போட்டுவிட்டு ஒரு முறை. தனியாக நிற்கும் வெண்கலம் மைனஸ் 300 மில்லிவோல்ட் அக்கம்பக்கத்தில் காட்டும். மரப் படகில் மைனஸ் 600ஐத் தாண்டிப் போகவே கூடாது.

கொட்டாப்புளி

பட்டி வேலைக்கு வருகிறேன்.

பட்டியை அந்தப் பகுதியில் மட்டும் கழற்றுங்கள். வெளிப்பலகையை வெளியிலிருந்து நெம்பி எடுக்காதீர்கள், உட்பலகை பிளந்துவிடும். உள்ளே போய் ஆணி முனையில் உள்ள செம்பு வட்டைத் தேய்த்து நீக்கி, ஆணியை வெளிப்பக்கமாகத் தட்டி அனுப்புங்கள். நல்ல மரம் வரும் வரை வெட்டவேண்டும். வெட்டு, உள்ளே நீளவாட்டில் ஓடும் தாங்கு மரத்தின் மேல் விழட்டும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் இணைப்பு ஒரே கோட்டில் விழக்கூடாது.

உட்பலகை காய்ந்த பிறகு இரண்டு பூச்சு பிரைமர், பலகையின் வெட்டு முனைகளுக்கு மூன்று. துண்டு வேலைக்கு என் ஓட்டு எண்ணெய்த் துணிக்குத்தான், எபாக்சிக்கு அல்ல. ஒரு சதுர மீட்டரை மட்டும் கல்லாக இறுக்கினால், சுற்றிலும் அசையும் பழைய உடல் அதன் ஓரத்தில் வாய் திறக்கும். சலவை செய்யாத காடாத்துணியைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரித்து, மேலே வழவழப்பான அடைப்புப் பசை மெல்லிசாக.

புதுப் பலகைக்கு அதே மரம், அதே கனம். ஆணிக்கான துளைகள் பழைய துளைகளுக்கு நடுவில் விழட்டும், பழைய துளையை மரக்குச்சியால் அடைத்துவிடுங்கள். சதுர ஆணியின் பக்க அளவை ஒட்டிய துளை. முதலில் ஒரு கழிவுக் கட்டையில் போட்டுப் பாருங்கள். இருவர் வேண்டும். வெளியே ஒருவர் ஆணித் தலையில் கனமான இரும்பைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். உள்ளே இருப்பவர் வட்டை இறக்கி, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, சின்னச் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளையும். வெளியே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், பிடிமானம் இருக்காது.

பட்டியைத் திரும்பப் பொருத்தும்போது மேல் விளிம்பை வெளிப்பக்கம் சாய்வாக இழைத்துவிடுங்கள். அசல் வடிவம் மாறுமே என்று யாராவது சொன்னால், ஐந்து பாகைச் சாய்வை ஒரு மீட்டர் தள்ளி நின்று யாரும் பார்க்கப் போவதில்லை.

ஏராக்கட்டை

ஒரு உபரித் தகவல். எட்டு ஆழ்வெடி, ஒன்று சுமார் 190 கிலோ. ஒன்றரை டன் எடை அமரத்திலிருந்து இறங்கியிருக்கிறது, துப்பாக்கிகள் தனி. அமரம் மேலே எழும்பி நிற்கிறதா என்று நீர்க்கோட்டைப் பாருங்கள். ஈடுகட்டப் பாரம் வைத்திருந்தால் அது நேரடியாகப் பலகை மேல் கிடக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். குறுக்குக் கட்டை மேல் உட்கார்ந்து, அடியில் தண்ணீர் ஓட வழி இருக்கவேண்டும்.

அணியம்43

லிட்மஸ் உடனே நீலம். மீட்டர் கரைக் கேபிள் இல்லாமல் மைனஸ் 870, போட்டால் மைனஸ் 910. அடியில் ஆறு துத்தநாகக் கட்டி இருப்பதாகப் பழைய பில் சொல்கிறது. தண்டு, உந்தி, பிராக்கெட் எல்லாம் வெண்கலம். சுக்கான் தண்டும் அப்படித்தான்.

செம்பாணி

அப்படியானால் ஆறும் வேண்டாம். கரையேற்றியதும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கடலடி வால்வுகளைக் கட்டியிருக்கும் பச்சைக் கம்பியையும் கழற்றுங்கள். கரைக் கேபிளின் எர்த் கம்பியைத் துண்டிக்காதீர்கள், அது உயிர்க்காப்பு. அதில் ஒரு கால்வனிக் ஐசொலேட்டர் (அரிப்பு மின்னோட்டத்தை மட்டும் தடுக்கும் கருவி) போடுங்கள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, துளையைச் சுற்றியுள்ள மரத்தைக் காடியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் பல முறை கழுவி, லிட்மஸ் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். நாராகிவிட்ட மரம் திரும்பாது. நல்ல மரம் வரை வெட்டி உள்ளிருந்து புதுக் கட்டை வைத்துப் பூட்டுங்கள். தண்ணீரில் இறக்கிய மறுநாள் திரும்ப அளந்து எண்ணை இங்கே போடுங்கள்.