இழை: சிறாரின் ‘ஏட்ரியம்’ – முன்றிலா, முற்றமா?

திருச்சியிலிருந்து:

அன்பர்களே, சிறாருக்குக் கிறிஸ்தவ நெறி கற்பிக்கும் நல்லாயன் மறைக்கல்வி முறைக்கான ஆசிரியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி. 1954இல் உரோமையில் விவிலிய அறிஞர் சோஃபியா கவலெத்தியும் மாண்டிசோரி ஆசிரியை ஜான்னா கோபியும் தொடங்கிய முறை இது. 3–6, 6–9, 9–12 என மூன்று வயதுப் பிரிவுகள். பிள்ளைகள் கூடும் அறைக்கு ஏட்ரியம் என்று பெயர். ‘மறைக்கல்வி வகுப்பறை’ என்று எழுதினால் பெஞ்சும் கரும்பலகையும் வந்துவிடும். அங்கே வேண்டியவையோ பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரி, சிறு பீடம், அதற்கேற்ற திருக்கிண்ணம், அப்பத்தட்டு, மரத்தில் செய்த ஆயன், ஆடுகள், பட்டி. ஆசிரியர் ஒருமுறை நிதானமாகச் செய்து காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். பிறகு பிள்ளையே எடுத்துச் செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைக்கும். இதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் தாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

‘முன்றில்’ இருக்க வேறு சொல் எதற்கு? இல்முன் முன்றில் ஆனது. இலக்கணப் போலிக்குப் பள்ளியிலேயே படித்த சான்று. பழைய கிறிஸ்தவக் கோயில்களில் ஏட்ரியம் தெருவுக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட முன்வெளி. திருப்பலியில் முழுமையாகப் பங்கேற்குமுன் பிள்ளை நின்று பழகும் இடம் என்றால் பொருள் இம்மியும் பிசகவில்லை. குறுந்தொகையில் ஒரு புலவருக்கே அணிலாடு முன்றிலார் என்று பெயர் தந்த சொல்!

மதுரையிலிருந்து:

> அணிலாடு முன்றிலார்

ஐயா, அந்தப் பாட்டில் அணில் ஏன் ஆடுகிறது? மக்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். தலைவன் பிரிந்த தலைவியின் வெறுமைக்கு அது உவமை, பாலைத்திணை. பிள்ளைகள் நிறைந்த அறைக்கு அதையா சான்று காட்டுவது? மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் ‘ன்றி’ புரளவும் செய்யாது. முற்றம் போதும். உரோமானியர் வீட்டு ஏட்ரியத்திலும் கூரையின் நடுவே திறப்பு, மழைநீர் விழக் கீழே தொட்டி. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் இதயத்தின் ஏட்ரியம் ‘சோணையறை’. சோணை என்றால் காதுமடல். இறைவார்த்தையைக் கேட்கும் அறைக்கு அந்த வேர் பொருந்துகிறதே, யோசியுங்கள். இல்லாவிட்டால் ஏட்ரியம் என்றே விடலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மறைக்கல்வி நூல்தான். அன்று போர்த்துக்கீசச் சொற்களை எடுத்தாள யாரும் கூசவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

அந்த நூலை வெளியிட்டவர்களே 1580இல் ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவ அறிக்கை நூலையும் வெளியிட்டார்கள். இன்று எந்தப் பங்குக் கோயிலில் அந்தப் பெயர் விளங்கும்? பாவசங்கீர்த்தனம் வந்தது, பின்பு ஒப்புரவு வந்தது. ஞானஸ்நானம் என்று பாட்டியும் திருமுழுக்கு என்று பேரனும் ஒரே வீட்டில் சொல்கிறார்கள்; குடும்பம் இரண்டையும் தாங்குகிறது. முன்றிலையும் தாங்கும்.

திருச்சியிலிருந்து:

சோணையறை என்றால் பெற்றோர் மருத்துவமனையை நினைப்பார்கள். முற்றத்தில் எனக்குள்ள தடை வேறு: வெட்டவெளியில் பாய் விரித்துவிடுவார்கள். விண்ணரசைக் கடுகு விதைக்கு ஒப்பிடும் இயேசுவின் உவமைக்கு ஒரே ஒரு விதையைத்தான் பிள்ளையின் விரல்நுனியில் வைக்கிறோம். ஒரு கை அள்ளிக் கொட்டினால் சிறுமை கண்ணில் படாது. காற்றடித்தாலோ விதையே போய்விடும். திருப்பலியில் செய்வதுபோல் திராட்சை இரசத்தில் சில துளி தண்ணீர் விட்டு, ‘இனி இரண்டையும் பிரிக்க முடியுமா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதிலை ஆசிரியரே சொன்னால் பிள்ளை சிந்திப்பதை நிறுத்திவிடும். அந்த மௌனத்துக்குச் சுவரும் கதவும் தேவை.

மதுரையிலிருந்து:

முன்றிலுக்கு மட்டும் சுவர் எங்கே இருக்கிறது?

திருச்சியிலிருந்து:

இல்லைதான். ஆனால் முன்றில் அன்றாடப் பேச்சில் இல்லாததால், நாம் தரும் பொருளை அப்படியே ஏற்கும். மூவர் முன்றில் கேட்டுத் தனிமடலும் அனுப்பியிருக்கிறார்கள். ‘முன்றில்: கதவும் தாழ்ந்த அலமாரிகளும் உள்ள தனி அறை’ என்ற வரியை முதல் பக்கத்தில் சேர்த்து அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மதுரையிலிருந்து:

பெற்றோருக்கான துண்டறிக்கையிலாவது ‘பிள்ளைகள் முற்றம்’ என்று போடுங்கள். அவர்கள் குறுந்தொகை படித்துவிட்டு வரப்போவதில்லை. மறுபதிப்பின்போது இதை மறுபடி எழுப்புவேன்.